சாம்பல் முதல் ஆசிட் வரை: வீட்டுச் சுத்தத்துக்கு எது போதும்?

வீட்டைத் துப்புரவாக வைத்திருக்க எவ்வளவு வீரியமுள்ள பொருள் வேண்டும்? இந்தக் கேள்விக்கான விடை ஒன்றரை நூற்றாண்டாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அடுப்புச் சாம்பலும் புளியும் சாணமும் போதும் என்றது ஒரு காலம். கிருமியைக் கொல்லாத சுத்தம் அரைச் சுத்தம்தான் என்றது அடுத்த காலம். கிருமியைக் கொல்வது நம் மூச்சையும் தோலையும் வருத்துகிறது, ஆகவே பழையவற்றுக்குத் திரும்புவோம் என்ற குரல் இப்போது நகரங்களில் வலுத்துவருகிறது. பல வீட்டுக் குளியலறைகளில் மூன்று விடைகளும் ஒரே அலமாரியில் நிற்கின்றன: ஆசிட் பாட்டில், பினாயில், எலுமிச்சைத் தோலை ஊறவைத்த பயோ என்சைம்.

இந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எதில் உறுதியாக நிற்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்பதே இங்கே ஆராயப்படுகிறது. ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அழுக்கை அகற்றுவது ஒரு வேலை. கிருமியைக் கொல்வது இன்னொரு வேலை. இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும், ஆனால் ஒன்றல்ல. இயற்கை முறையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பெரும்பாலும் ஒருவர் முதல் வேலையைப் பற்றியும் மற்றவர் இரண்டாம் வேலையைப் பற்றியும் பேசுகிறார்கள். விவாதம் தீராமல் நீள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பழைய சமையலறையின் வேதியியல்

இன்று ‘இயற்கை முறை’ என்று தனிப்பெயர் பெற்றிருப்பவை முன்பு வெறும் வீட்டுவேலை. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. ஈரம் பட்டதும் அது காரமாகி, பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடுகிறது. மீதியைச் சாம்பல் துகளும் தேங்காய் நாரும் உரசி எடுக்கின்றன. பித்தளைக் குடத்திலும் செம்புப் பாத்திரத்திலும் படியும் களிம்பைக் கரைப்பது புளியிலுள்ள டார்டாரிக் அமிலம். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் உள்ள சப்போனின் மூலக்கூறு ஒரு முனையால் தண்ணீரையும் மறுமுனையால் எண்ணெயையும் பற்றுகிறது. இன்றைய சலவைத்தூளும் பாத்திர சோப்பும் இதே முறையில்தான் அழுக்கைத் தூக்குகின்றன. காரம் மிகாததால் பட்டுப்புடவைக்கும் நகைக்கும் பூந்திக்கொட்டை ஊறலை இன்றும் பலர் நம்புகிறார்கள்.

சலவைத் தொழிலாளர்களின் முறை இவற்றில் மிகத் தேர்ந்தது. உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் இருக்கிறது. அதில் தோய்த்த துணியை வெள்ளாவியில் வைத்தபோது காரத்தோடு நீராவியின் வெப்பமும் சேர்ந்தது. பிறகு கல்லில் அடிப்பு, பிறகு வெயில். கிருமி என்ற கருத்து பரவுவதற்கு முன்பே கிருமியைக் கொல்லத்தக்க வெப்பம் அந்தத் துணிகளுக்குக் கிடைத்துவிட்டது. அந்த அறிவை வைத்திருந்தவர்களைச் சமூகம் எந்த இடத்தில் வைத்தது என்பதையும் மறக்க இயலாது. பாரம்பரியத்தைப் போற்றும் கட்டுரைகளில் இந்தப் பக்கம் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இந்த முறைகள் அவற்றின் பரப்புகளோடு பொருந்தியிருந்தன. மண் தரை, பித்தளை, வெண்கலம், இரும்பு, பருத்தித் துணி. பரப்பு மாறியபோது கணக்கும் மாறியது. சாம்பல் நான்ஸ்டிக் பூச்சைக் கீறும். புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் சலவைக்கல்லின் கால்சியம் கார்பனேட்டை அரிக்கும். சலவைக்கல் சில்லும் சிமெண்டும் கலந்த பழைய மொசைக் தரையும் அப்படியே மங்கும். தரையில் பளபளப்பு போன பிறகு அழுக்கு இன்னும் எளிதாகப் படியும். சாம்பலே கிடைக்காத எரிவாயு அடுப்பு வீட்டில் சபீனா போன்ற தேய்க்கும் பவுடர்கள் அந்த இடத்தை நிரப்பியது தற்செயலல்ல: அவையும் உரசும் துகளும் காரமும் சேர்ந்தவையே.

சென்னை போன்ற நகரங்களின் குளியலறைகளில் ஆசிட் நுழைந்ததற்கும் இப்படியொரு பொருள்சார்ந்த காரணம் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மை டைல்ஸ் மீது வெள்ளை உப்புக்கறையாகப் படிகிறது. பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டான அந்தப் படிவைச் சோப்பு கரைக்காது, அமிலம்தான் கரைக்கும். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கறையோடு நில்லாமல் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் தின்கிறது. இடுக்கு சொரசொரப்பாகி மேலும் அழுக்குப் பிடிக்க, மேலும் ஆசிட் ஊற்றப்படுகிறது. இங்கே சிட்ரிக் அமிலமோ வினிகரோ மெதுவாக, ஆனால் அளவான சேதத்தோடு அதே வேலையைச் செய்யும். இயற்கை மாற்று தெளிவாக மேலோங்கும் இடங்களில் இது ஒன்று. அன்றாடம் தரையை உலரத் துடைத்தால் அந்த அமிலத்தின் தேவையும் குறையும்.

சாணம்

சாணத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதைச் சுற்றிய பேச்சில் உணர்ச்சி அதிகம். மண் தரையில் சாணம் செய்யும் வேலை கண்கூடானது. செரிக்காத நார் மண் துகள்களைக் கட்டிப்பிடிக்கிறது. தூசி அடங்குகிறது, வெடிப்பு மூடுகிறது, தரை மெழுகியதுபோல் ஆகிறது. ஒரு கட்டுமானப் பொருளாக அதன் மதிப்பை மறுக்க முடியாது. அது கிருமிநாசினியும்கூட என்ற கூற்றுக்கு வரும்போதுதான் தயக்கம் வேண்டியிருக்கிறது. கால்நடைச் சாணம் டெட்டனஸ் நுண்ணுயிரின் வித்துகளைச் சுமக்கக்கூடியது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் அழுக்கோ சாணமோ படுவது டெட்டனஸுக்கு அறியப்பட்ட வழி. தாய் சேய் டெட்டனஸை ஒழித்த நாடாக இந்தியா 2015-ல்தான் அங்கீகாரம் பெற்றது. தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்து கொண்டுவந்த வெற்றி அது.

தரையே மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோவில் நல்ல சான்று உண்டு. ‘பிஸோ ஃபிர்மே’ என்ற அரசுத் திட்டம் ஏழை வீடுகளின் மண் தரைகளைச் சிமெண்ட் தரைகளாக்கியது. 2009-ல் வெளியான மதிப்பீடு, மண் தரை முழுவதும் சிமெண்டாக மாறிய வீடுகளில் குழந்தைகளின் குடற்புழுத் தொற்று 78 விழுக்காடும் வயிற்றுப்போக்கு 49 விழுக்காடும் குறைந்ததாகக் கணக்கிட்டது. எந்தத் துப்புரவுப் பொருளும் தரக்கூடியதைவிட இது பெரிய மாற்றம். சுத்தம் பற்றிய பேச்சு பாட்டில்களைச் சுற்றியே நடக்கும்போது தரை, வடிகால், தண்ணீர்க்குழாய் ஆகியவை பார்வையிலிருந்து நழுவிவிடுகின்றன.

கொங்கு வட்டாரத்தின் சாணிப்பவுடர் இந்த வரலாற்றின் வேதனையான கிளை. மாடு இல்லாத வீடுகளில் வாசலுக்குச் சாண நிறம் தர வந்த பொருள் அது. மஞ்சள் பவுடர் ஆரமின் ஓ என்ற சாயம். பச்சை பவுடர் மாலகைட் கிரீன். சுத்தம் செய்யும் குணம் இரண்டுக்கும் கிடையாது. நிறம் மட்டுமே உண்டு. உடலுக்குள் போனால் இரண்டும் கொடிய நஞ்சு, கோவை வட்டார மருத்துவர்கள் இதனால் நேர்ந்த இறப்புகளை நெடுங்காலமாகப் பதிவுசெய்து வருகிறார்கள். மரபின் தோற்றத்தை வைத்துக்கொண்டு அதன் பொருளைக் கைவிட்டதன் விலை இது. வாசலுக்கு வெறும் தண்ணீர் தெளித்துக் கோலமிட்டால் எதுவும் குறைந்துவிடாது.

கிருமியைக் கொல்லும் வாக்குறுதி

கிருமிநாசினிகளின் கதை ஒரு வகையில் நம் சுண்ணாம்பிலிருந்தே தொடங்குகிறது. நீற்றிய சுண்ணாம்பில் குளோரின் வாயுவை ஏற்றி பிளீச்சிங் பவுடர் தயாரிக்கும் முறைக்குச் சார்லஸ் டெனன்ட் 1799-ல் ஸ்காட்லாந்தில் காப்புரிமை பெற்றார். அவர் நோக்கம் துணியை வெளுப்பது. 1847-ல் வியன்னா பொதுமருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் அதே வகைக் கரைசலில் மருத்துவர்களைக் கைகழுவ வைத்தார். அந்த ஏப்ரலில் 18 விழுக்காட்டை ஒட்டியிருந்த பேறுகால இறப்பு ஜூன், ஜூலையில் 3 விழுக்காட்டுக்குக் கீழே வந்தது. கிருமிக் கோட்பாடு நிலைபெறாத காலத்தில் கிடைத்த சான்று அது. 1867-ல் ஜோசப் லிஸ்டர் அறுவைப் புண்களில் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தியதன் பலனை வெளியிட்டார். கார்பாலிக் அமிலம் என்பது நிலக்கரித் தாரிலிருந்து வரும் பீனால். நம் வீடுகளின் கறுப்பு பினாயில் இதன் நேர்வழித் தோன்றல். வெள்ளை பினாயிலில் பெரும்பாலும் பைன் எண்ணெய். கிருமி கொல்லும் திறனை பீனாலோடு ஒப்பிட்டு எண்ணாகச் சொல்லும் ரிடீல்-வாக்கர் முறை 1903-ல் வந்தது. பினாயில் பாட்டில்களில் இன்றும் அந்த அளவு குறிக்கப்படுகிறது. 1935-ல் கெர்ஹார்ட் டோமாக் பென்சால்கோனியம் குளோரைடின் கிருமிநாசினித் திறனை விளக்கினார். இன்றைய வாசனைத் தரைத்திரவங்கள் பலவற்றின் உள்ளிருப்பது அந்தக் குடும்பமே.

மருத்துவமனையில் இவை காத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. காலராவும் டைபாய்டும் நீரில் பரவும் நாட்டில் குளோரினை ஒதுக்கிவிட்டுப் பொதுச் சுகாதாரம் பேச முடியாது. இந்த நிலைப்பாட்டின் பலவீனம் மருத்துவமனையின் தேவையை வீட்டுக்கு அப்படியே பெயர்த்து வைப்பதில் இருக்கிறது. ஆரோக்கியமானவர்கள் வாழும் வீட்டுத் தரையில் உள்ள பெரும்பாலான நுண்ணுயிர்கள் தீங்கற்றவை. துடைத்த தரை சில மணி நேரத்தில் மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. மேலும் குளோரினும் பினாயிலும் அழுக்கின்மேல் ஊற்றப்பட்டால் வீரியம் இழக்கின்றன. முதலில் கழுவி, பிறகு ஊற்றி, சில நிமிடம் ஈரமாக விட்டால்தான் வேலை செய்யும். வாளித் தண்ணீரில் ஒரு மூடி பினாயில் கலந்து ஒரு இழுப்பு இழுத்துத் துடைக்கும் வழக்கத்தில் கிடைப்பது முக்கியமாக வாசனை.

கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்து 2005-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஸ்டீபன் லூபி குழுவின் ஆய்வை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். கைகழுவும் பழக்கத்தை ஊக்குவித்துச் சோப்பு வழங்கிய வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்டோரின் நிமோனியா பாதியாகக் குறைந்தது. 15 வயதுக்குட்பட்டோரின் வயிற்றுப்போக்கு 53 விழுக்காடு குறைந்தது. ஒரு பகுதியினருக்குச் சாதாரணச் சோப்பு, இன்னொரு பகுதியினருக்குக் கிருமிநாசினி சோப்பு. இரண்டுக்கும் இடையே பலனில் வேறுபாடில்லை. கொன்றது காக்கவில்லை, அகற்றியது காத்தது என்று இதை வாசிக்கலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-ல் டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களைப் பொதுப் பயன்பாட்டுக் கிருமிநாசினி சோப்புகளிலிருந்து நீக்கியது. சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேலானவை என்று தயாரிப்பாளர்கள் நிறுவவில்லை என்பது அதன் காரணங்களில் ஒன்று.

கொரோனா காலம் இந்தப் பாடத்தை மறக்கடித்தது. தெருவெங்கும் குளோரின் கரைசல் பீய்ச்சப்பட்டது; 2020 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்கள் மேலேயே தெளித்தார்கள். நம் கிராமங்களில் அதே வாரங்களில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர் தெளிக்கப்பட்டது. அந்த மே மாதம் உலக சுகாதார நிறுவனம் தெருக்களிலும் அறைகளிலும் கிருமிநாசினி தெளிப்பது பயனற்றது, தீங்கும் தரலாம் என்று அறிவுறுத்தியது. பரப்புகள் வழியே அந்த வைரஸ் பரவுவது அரிது என்ற புரிதல் பின்னர் வலுப்பெற்றது. குளோரினும் மஞ்சள்நீரும் அங்கே ஒரே பணியைத்தான் செய்தன: அச்சத்துக்கு ஆறுதல் தந்தன.

மூச்சுக்குழாயிலிருந்து வந்த எதிர்ப்பு

வீரியப் பொருள்களுக்கு எதிரான முதல் பெரிய எதிர்ப்பு ஆறுகளிலிருந்து வந்தது. சிதையாத டிடர்ஜெண்ட் நுரை ஆறுகளில் மிதந்ததால் 1960-களில் மேலைநாடுகள் எளிதில் சிதையும் வகைக்கு மாறின. பிறகு பாஸ்பேட் ஏரிகளில் பாசியைப் பெருக்கியது விவாதமானது. இப்போதைய எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்து, சுத்தம் செய்பவரின் நுரையீரலிலிருந்து வருகிறது.

ஐரோப்பாவின் பத்து நாடுகளில் சுமார் 3,500 பேரைப் பின்தொடர்ந்து 2007-ல் வெளியான ஆய்வு, வாரம் ஒருமுறையாவது ஸ்பிரே வகைத் துப்புரவுப் பொருள்களைப் பயன்படுத்துவோருக்கு ஆஸ்துமா அறிகுறிகள் கூடுதலாக இருந்ததைக் கண்டது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிவானது. 6,235 பேர், 20 ஆண்டுகள். வீட்டில் சுத்தம் செய்யும் பெண்களின் நுரையீரல் திறன், செய்யாத பெண்களுடையதைவிட ஆண்டுக்கு 3.6 மில்லிலிட்டர் கூடுதலாகக் குறைந்தது. துப்புரவையே தொழிலாகச் செய்த பெண்களுக்கு 3.9 மில்லிலிட்டர்.

இந்த எண்களைப் பொறுப்போடு கையாள வேண்டும். இது உற்றுநோக்கல் ஆய்வு. வாழ்நிலை வேறுபாடுகளை முழுவதும் கழித்துவிட இயலாது. சுத்தமே செய்யாத பெண்கள் ஒப்பீட்டுக் குழுவில் மிகக் குறைவு. ஆண்களிடம் அத்தகைய சரிவு காணப்படவில்லை, ஏனென்று தெளிவாகவில்லை. எந்தப் பொருள் எவ்வளவு காரணம் என்பதையும் ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ஆனாலும் வெவ்வேறு ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டும்போது, குறிப்பாக ஸ்பிரேக்கள் விஷயத்தில், முன்னெச்சரிக்கை நியாயமானதே. அதே திரவத்தைத் துணியில் ஊற்றித் துடைத்தால் மூச்சில் போகும் துளிகள் குறையும் என்பது செலவில்லாத மாற்றம்.

உடனடி ஆபத்துகளில் ஐயத்துக்கு இடமில்லை. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். பிளீச்சோடு வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தாலும் அதுவே நடக்கும், ஆகவே இயற்கைப் பொருளைக் கலப்பதால் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. கதவடைத்த சிறு கழிவறையில் இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றுவது பல வீடுகளில் சாதாரணம். ஆசிட் வீச்சுகளுக்குப் பிறகு 2013-ல் உச்ச நீதிமன்றம் சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. துப்புரவுப் பொருளாக அது எவ்வளவு எளிதாகக் கிடைத்துவந்தது என்பதை நாடு அப்போதுதான் கூர்ந்து கவனித்தது.

மாற்றுப் பொருள்களைச் சோதித்தபோது

மாற்றுகளின் பக்கம் திரும்பினால் சான்றுகள் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்லியம் ருடாலா குழு 2000-ல் வெளியிட்ட ஒப்பீட்டில் வினிகர், ஆப்பசோடா முதலியவை கடைக் கிருமிநாசினிகளைவிடத் தெளிவாகப் பின்தங்கின. வினிகர் சில பாக்டீரியாக்களிடம் நன்றாகவே வேலை செய்தது, சிலவற்றிடம் தோற்றது. மறுபுறம், 2014-ல் வெளியான ஒரு ஆய்வு, 6 விழுக்காட்டு அசெட்டிக் அமிலம் 30 நிமிடத்தில் காசநோய்க் கிருமியைக் கொல்வதைக் காட்டியது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், செறிவும் நேரமும் கிருமியின் வகையும் முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது தெரியும். தண்ணீர் கலந்த வினிகரால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டுக் கிருமிநீக்கம் ஆயிற்று என்று சொல்ல அந்த ஆய்வு துணைவராது.

ஆப்பசோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்கவிடும் பரிந்துரை மிகப் பரவலானது. காரமும் அமிலமும் ஒன்றையொன்று அணைத்துவிட, மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீரும் காற்றில் போன கார்பன் டை ஆக்சைடும். அடைத்த குழாயில் அந்தக் குமிழ்கள் சிறிது அசைவு தரலாம். தனித்தனியாகப் பயன்படுத்தினால் ஆப்பசோடா பிசுக்குக்கும் வாடைக்கும், வினிகர் உப்புக்கறைக்கும் உண்மையாகவே உதவும்.

பயோ என்சைமுக்கு இதைவிடக் கரிசனமான மதிப்பீடு தேவை. ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாத நொதிப்பு. தாய்லாந்திலிருந்து பரவிய இந்தச் செய்முறை சென்னை, பெங்களூரு வீடுகளில் ஒரு சிறு இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது. சமையலறைக் கழிவு குறைகிறது, பிளாஸ்டிக் பாட்டில் வாங்குவது குறைகிறது. இவை மெய்யான நன்மைகள். ஆனால் சுத்தம் செய்யும் வேலையில் பெரும்பங்கு நொதிப்பில் உண்டான அசெட்டிக், லாக்டிக் அமிலங்களுடையது. நொதிகளின் பங்கு எவ்வளவு என்பது உறுதிப்படவில்லை. வீட்டுக்கு வீடு, சாடிக்குச் சாடி வீரியம் மாறும். பளிங்குத் தரைக்கு இதுவும் ஆகாது.

இயற்கையிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. வெங்காரம் தரையிலிருந்து தோண்டியெடுக்கும் தாது. இனப்பெருக்கத்துக்குத் தீங்கு என்ற காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் அதை 2010-ல் மிகுந்த கவனத்துக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் மணமான லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையும் நுண்துகள்களையும் உண்டாக்குவதை நாசராஃப், வெஷ்லர் ஆகியோர் 2004-ல் விரிவாக எடுத்துரைத்தார்கள். இது தோலிலிருந்து வந்த லிமோனீனுக்கும் ஆலையில் சேர்த்த லிமோனீனுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். சப்போனின் மீன்களின் செவுளைச் சிதைக்கும். சப்போனின் உள்ள தாவரங்களைக் கொண்டு மீன் மயக்கிப் பிடிப்பது பல நாடுகளில் பழைய வழக்கம். கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும். சலவைத்தூளில் சேர்க்கும் நொதிகள் பாக்டீரியாவிலிருந்து வரும் இயற்கைப் புரதங்கள்தாம். ஆனால் அவற்றின் தூளைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்ததை மருத்துவர் ஃப்ளிண்ட் 1969-ல் வெளிப்படுத்தினார். நொதிகளைக் குருணையாக்கிப் பூச்சிட்ட பிறகே அந்த ஆபத்து கட்டுக்குள் வந்தது. பொருளை மாற்றாமல் அது காற்றில் கலக்கும் வடிவத்தை மாற்றியதில் கிடைத்த தீர்வு அது.

நம் மரபுப் பொருள்களில் உண்மையாகவே கிருமியைக் கொல்லவல்லது ஒன்று உண்டென்றால் அது சுண்ணாம்பு. பொங்கலுக்கு முன் சுவருக்கு வெள்ளையடிப்பதில் அழகோடு சுகாதாரமும் சேர்ந்திருந்தது. அந்தத் திறன் வருவது 12-ஐத் தாண்டும் அதன் பி.எச். அளவிலிருந்து. அதே காரணத்தால்தான் வெற்றிலைக்கான சுண்ணாம்புப் பொட்டலம் கண்ணில் தெறித்துக் குழந்தைகள் பார்வையிழப்பதை இந்தியக் கண் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள். நுண்ணுயிரின் உயிரணுவை உடைப்பது நம் உயிரணுவை அறவே தொடாமல் விடுவது அரிது.

பசுமூத்திரக் கலவைகள் அரசியல் ஆதரவோடு இந்தக் களத்துக்கு வந்தவை. அரசு அலுவலகங்களில் பினாயிலுக்குப் பதில் ‘கௌனைல்’ பயன்படுத்தும்படி மேனகா காந்தி 2015-ல் சக அமைச்சர்களுக்கு எழுதினார். மத்தியப் பிரதேச அரசு 2021-ல் தன் அலுவலகங்களுக்குப் பசுமூத்திரப் பினாயிலை உத்தரவிட்டது. 2023-ல் பரேலியின் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள், புதிய பசுமூத்திரத்தில் ஈ கோலை உள்ளிட்ட 14 வகைத் தீங்கான பாக்டீரியாக்கள் இருக்கலாம் என்று தெரிவித்தார்கள். வடித்தெடுத்தது வேறு என்பது ஆதரவாளர்களின் பதில். அந்தப் பதிலில் பொருள் உண்டு. இத்தகைய கலவைகளில் பைன் எண்ணெய் போன்றவையும் சேர்க்கப்படுவதால் எது எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துச் சோதித்தால்தான் விவாதம் நகரும்.

யாருடைய கை

1959-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் சுத்தம் செய்வதை நான்கு கூறுகளின் சேர்க்கையாக விளக்கினார்: வேதிப்பொருள், உரசல், வெப்பம், நேரம். ஒன்று குறைந்தால் மற்றவை கூட வேண்டும். இயற்கை மாற்றுகள் பற்றிய பேச்சில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது இதுதான் என்று கருதுகிறேன். வீரியம் குறைந்த பொருளுக்கு மாறும்போது அந்தக் குறையை ஊறவைக்கும் நேரமோ தேய்க்கும் கையோ ஈடுசெய்கிறது. நேரம் என்றால் பாதகமில்லை. சிட்ரிக் அமிலக் கரைசலை இரவே ஊற்றிவைக்கலாம். கை என்றால், யாருடைய கை?

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் எழுதிய நூலில், வீட்டுவேலையைக் குறைக்க வந்த கருவிகள் பெண்களின் வேலைநேரத்தைக் குறைக்கவில்லை, எதிர்பார்க்கப்படும் சுத்தத்தின் அளவைத்தான் உயர்த்தின என்று அமெரிக்க வரலாற்றைக் கொண்டு வாதிட்டார். இயற்கை வழிக்குத் திரும்புதலிலும் அந்த ஆபத்து இருக்கிறது. சுத்தத்தின் அளவு பளிங்கு யுகத்துடையது, பொருள் சாம்பல் யுகத்துடையது என்றால் நடுவில் நசுங்குவது வீட்டுப் பெண்ணோ, மணிக்கணக்குக்கு வரும் பணிப்பெண்ணோதான். அதேசமயம், ஒரே நாளில் நாலைந்து வீடுகளில் வெறும் கையால் ஆசிட்டையும் பினாயிலையும் தொடுபவரும் அந்தப் பணிப்பெண்ணே. வீரியப் பொருளைக் கைவிடுவதால் மிக அதிகம் பயனடையக்கூடியவரும் அதற்கான கூடுதல் உழைப்பைச் சுமக்கப்போகிறவரும் ஒருவரே. எந்தப் பொருளை வாங்குவது என்று தீர்மானிப்பவர் மட்டும் வேறு.

இடமறிந்து சுத்தம்

பிரிட்டனின் சாலி புளூம்ஃபீல்ட் முதலிய சுகாதார அறிஞர்கள் முன்வைக்கும் நிலைப்பாடு வீடு முழுவதையும் ஒரே அளவில் சுத்தம் செய்ய வேண்டியதில்லை என்பது. 2019-ல் அந்நாட்டு ராயல் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் அறிக்கையும் இதையே வலியுறுத்தியது. தொற்று பரவும் தருணங்கள் குறிப்பிட்டவை: பச்சை இறைச்சி, மீனைக் கையாண்ட பிறகு; கழிவறை சென்ற பிறகு; உணவைத் தொடுமுன்; வீட்டில் ஒருவர் வாந்தி பேதியால் கிடக்கும்போது. அந்த நேரத்தில், அந்த இடத்தில் கவனம் குவிய வேண்டும். 1989-ல் டேவிட் ஸ்ட்ராகன் தொடங்கிவைத்த, அதிகச் சுத்தம் ஒவ்வாமையைப் பெருக்கும் என்ற கருதுகோளின் மிகைகளையும் இந்தப் பார்வை தவிர்க்கிறது. மண்ணோடும் விலங்கோடும் மனிதரோடும் பழகுவதால் கிடைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் ஒரு விஷயம். மீன் வெட்டிய பலகையைக் கழுவாமல் விடுவது வேறு.

நம் வீடுகளுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் முன்னுரிமைகள் தலைகீழாகின்றன. அதிகம் பினாயில் காண்பது கூடத்துத் தரை. அதற்கு வெறும் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் பெரும்பாலும் போதும். ஜெர்மனியில் பயன்படுத்திய சமையலறை ஸ்பாஞ்சுகளைச் சோதித்த 2017 ஆய்வு, சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடி வரை பாக்டீரியாக்களைக் கண்டது. அங்கே செய்ய வேண்டியது எந்தப் பாட்டிலையும் நாடாதது: பிடிதுணியையும் துடைக்கும் துணியையும் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைப்பது, ஈரமாகவே கிடக்கும் ஸ்பாஞ்சுக்குப் பதில் சட்டென்று உலரும் தேங்காய் நாரோ பீர்க்கங்காய் நாரோ வைத்துக்கொண்டு அடிக்கடி மாற்றுவது. வயிற்றுப்போக்கு நோயாளி பயன்படுத்திய கழிவறைக்கு மட்டும் வினிகரை நம்பக்கூடாது. கழுவிய பின் தனியாக, சன்னல் திறந்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் இடுவதே சரி. தற்போதைய சான்றுகளோடு மிக நெருங்கி நிற்பது இந்த நிலைப்பாடுதான் என்பது என் மதிப்பீடு. அதற்கும் ஒரு குறை உண்டு. தருணமறிந்து செயல்படக் குழாயில் எந்நேரமும் தண்ணீர் வர வேண்டும். ஒன்றுவிட்ட ஒருநாள் குடத்தில் பிடிக்கும் வீட்டுக்கு அந்த அறிவுரை பாதிதான் எட்டும்.

இன்னும் தீராதவை

மூன்று இடங்களில் தீர்ப்பை ஒத்திவைக்க வேண்டியிருக்கிறது. முதலாவது, நுரையீரல் பற்றிய நீண்டகால ஆய்வுகள் ஐரோப்பிய வீடுகளையும் அங்கு விற்கும் பொருள்களையும் சார்ந்தவை. நம் குளியலறைகள் சிறியவை, பொருள்கள் வேறு, உதிரியாகவும் முத்திரையின்றியும் விற்பவை அதிகம். விறகுப் புகையும் நகரப் புகையும் ஏற்கெனவே நுரையீரலில் ஏறியிருக்கும். துப்புரவுப் பொருளின் பங்கை அதிலிருந்து பிரித்தெடுப்பது எளிதல்ல, ஆனால் இயலாததுமல்ல. இரண்டாவது, பென்சால்கோனியம் குடும்பத்துப் பொருள்களை அன்றாடம் பயன்படுத்துவது மருந்துகளுக்கு அசையாத பாக்டீரியாக்களைத் தேர்ந்து வளர்க்குமா என்பதில் ஆய்வுக்கூடச் சான்றுகள் கவலை தருகின்றன. வீட்டளவில் அது எவ்வளவு நடக்கிறது என்பது விவாதத்தில் இருக்கிறது.

மூன்றாவது, தகவல். கலிஃபோர்னியா 2017-ல் நிறைவேற்றிய சட்டம் துப்புரவுப் பொருள்களின் உட்பொருள்களை வெளியிடச் சொல்கிறது. நம் கடை அலமாரிகளில் ‘மூலிகை’ என்று எழுதிய பாட்டிலிலும் ‘99.9 விழுக்காடு’ என்று எழுதிய பாட்டிலிலும் முழுப் பட்டியலைக் காண்பது அரிது. பட்டியல் இல்லாதபோது வாங்குபவர் வண்ணத்தையும் வாசனையையும் இலைப் படத்தையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறார். பினாயிலுக்கு 1903 முதல் ஒரு அளவுகோல் இருக்கிறது. பூந்திக்கொட்டைத் திரவத்துக்கும் பயோ என்சைமுக்கும் அப்படிப்பட்ட பொதுச் சோதனை ஒன்று வகுக்கப்பட்டால், எந்தச் செறிவில், எந்தப் பரப்பில், எவ்வளவு நேரத்தில், எவ்வளவு தேய்ப்பில் அவை போதுமானவை என்பது எண்ணாகக் கிடைக்கும். அதில் தேய்ப்பவரின் நேரமும் ஒரு அளவாகச் சேர்க்கப்படுமா என்பதும் திறந்த கேள்வியே.